போனில் ‘ஓம்’ சொல்லக்கூடாது

மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்.

“ஐயா, உங்களைத்தான் ரெண்டு மூண்டு நாளாத் தேடுறன்.”

திரும்பிப் பார்த்தால் மின்சார வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் சுப்பவைசர் ஒருவர். நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தவர். ஊரில் கண்டால் சைக்கிளால் இறங்கிக் கதைப்பார்.

“என்ன தம்பி, என்ரை பென்சனை நிப்பாட்டப் போறியளோ?”

“சீச்சீ, ஒரு சந்தேகம் ஐயா. எங்கடை டிப்போவிலை லைன் வேலை நடக்கேக்கை போனிலை ஆரும் ‘ஓம்’ எண்டு சொல்லக்கூடாதாம். வாய் தவறிச் சொன்னாலும் பெரியவர் ஏசுறார். ஏனெண்டு கேட்டால், அது அந்தக் காலத்துச் சட்டம் எண்டுறார். அவருக்கும் காரணம் தெரியாது போலை.”

அதற்குள் கத்தரிக்காய்க்காரி பொறுமையிழந்தாள். “ஐயா, ஒரு இறாத்தல் போடட்டோ?”

“ஒரு இறாத்தல் போடுங்கோ,” என்றேன்.

“பாருங்கோ!” என்று சுப்பவைசர் துள்ளினார். “நீங்களும் ஓம் எண்டு சொல்லேல்லை!”

சொல்லவில்லைத்தான். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம், அதில்லாமல் பேசிப் பழகிவிட்டது. அந்தச் சட்டம் பிறந்த நேரத்தில் நான் ஒரு கம்பத்தின் உச்சியில் நின்றேன். சந்தையில் நின்று சொல்லக்கூடிய கதையல்ல அது. எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதுதான் இது.

நான் உடுப்பிட்டிப் பிள்ளை. அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். நான் பாதிரியாராகிப் பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்குப் பிரசங்க மேடையின் உயரம் போதவில்லை, கம்பத்தில் ஏறினேன். கொழும்பில் கம்பி சுற்றப் பழகியது, அங்கே சாப்பாட்டுக் கடைக்காரனோடு சண்டை பிடித்தது, இதெல்லாம் எழுதினால் உங்களுக்கு அலுப்புத் தட்டும். உலக யுத்தம் தொடங்கப்போகிறது என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பட்டணத்திலே ஒரு சிறு தனியார் கம்பனியின் பவர்ஹவுசில் லைன்மனாக வந்து சேர்ந்தேன். அது போதும்.

பவர்ஹவுஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, அதற்குள் டீசல் இஞ்சின் இரண்டு. ஒன்று ஓடும், மற்றது ஓடுவதற்கு யோசிக்கும். பெரிய தெருவின் கடைகளுக்கும், படம் காட்டும் மண்டபத்துக்கும், அப்புக்காத்து வக்கீல்மாரின் வீடுகளுக்கும் 220 வோல்டில் கரண்ட் போனது. அதற்கு அப்பால் முழு யாழ்ப்பாணமும் மண்ணெண்ணெய்தான்.

எங்கள் மேலதிகாரி டானியல் சேர். அரைக் காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, சட்டைப்பையில் எப்போதும் வெண்கட்டித் துண்டு. ஏதாவது விளக்க வேண்டுமென்றால் எழுதுவதற்குப் பலகை தேடமாட்டார். சிமெந்து நிலம், இஞ்சின் மூடி, தன்னுடைய பழைய போர்ட் காரின் கதவு, எதிலும் எழுதுவார். மழை பெய்தால்தான் அந்தக் கார் கணக்கு மறக்கும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எங்களை நீர் என்றும் ‘காணும்’ என்றும்தான் அழைப்பார். விளக்கி முடித்ததும் “விளங்கிச்சோ?” என்பார். நாங்கள் “ஓம் சேர்” என்போம். அவர் வெண்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இந்த “விளங்கிச்சோ, ஓம் சேர்” என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டணத்துக்கு வெளியே மூன்று மைல் தள்ளி ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. இன்றைக்கு அது இல்லை, பெயரும் வேண்டாம். அவர்களுக்கு லைன் இழுத்துத் தருவதாகக் கம்பனி ஒப்புக்கொண்டது. கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். டானியல் சேர் கொட்டகை நிலத்தில் குந்தினார். வெண்கட்டி வெளியே வந்தது.

“ஆசுபத்திரிக்கு எவ்வளவு வேணும்?”

“ஆறாயிரத்து அறுநூறு வாட், சேர்,” என்றேன்.

“220 வோல்டிலை அனுப்பினால் எத்தினை அம்பியர்?”

வாட்டை வோல்டால் வகுத்தால் அம்பியர். முப்பது.

“போற கம்பியும் வாற கம்பியும் சேத்து எத்தினை ஓம்?”

கம்பி எவ்வளவு தடை கொடுக்கிறது என்பதற்கு அளவு ஓம். அதைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தவர் என்னோடு வேலைசெய்த கணபதிப்பிள்ளை.

“அஞ்சு ஓம், சேர்.”

“அஞ்சோ?”

“ஓம்.”

“அஞ்சு ஓமோ?”

“ஓம் சேர், ஓம்!”

“இப்ப எல்லாமாச் சேத்து எத்தினை ஓம் காணும், எட்டோ?” என்றார் டானியல் சேர். கொட்டகை முழுதும் சிரித்தது. அவர் சிரிக்காமல் கணக்கைத் தொடர்ந்தார்.

முப்பது அம்பியர் ஐந்து ஓம் வழியாகப் போனால் முப்பது தர ஐந்து, நூற்றைம்பது வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். புறப்பட்டது 220, போய்ச் சேருவது 70. பல்ப் எரியாது, வெட்கப்பட்டதுபோலச் சிவக்கும். வழியில் வீணாவது நூற்றைம்பது தர முப்பது, நாலாயிரத்து ஐந்நூறு வாட்.

“மூண்டு மைலுக்கும் கம்பியிலை இருக்கிற காகம் குளிர்காயும். ஆசுபத்திரி இருட்டிலை கிடக்கும்,” என்றார்.

பிறகு அதே கணக்கைத் திரும்பவும் போட்டார். இந்த முறை வோல்டைப் பதினைந்து மடங்கு ஏற்றி, 220-ஐ 3300 ஆக்கினார். அதே 6600 வாட்டுக்கு இப்போது இரண்டே இரண்டு அம்பியர். இரண்டு தர ஐந்து, பத்து வோல்ட் நட்டம். மூவாயிரத்து முந்நூறில் பத்து என்பது கணக்கிலேயே இல்லை. வீணாவது இருபது வாட், ஒரு சின்ன பல்ப் தின்பதுகூட இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கம்பி அதே கம்பி, தூரம் அதே தூரம். ஒரு எண்ணை ஏற்றி இன்னொன்றை இறக்கியதும் இருட்டு வெளிச்சமாகிவிட்டதே!

கணபதிப்பிள்ளைக்குச் சந்தேகம். “அப்ப சேர், பதினைஞ்சு மடங்கு கரண்ட் சும்மா கிடைக்குதோ?”

“சும்மா ஒண்டும் கிடைக்காது காணும். வோல்ட் ஏறின அளவுக்கு அம்பியர் இறங்கும். பெருக்கிப் பாரும், அதே 6600. அங்கை போய்ச் சேந்ததும் திரும்ப 220-க்கு இறக்கிக் குடுப்பம். ஏத்த ஒண்டு, இறக்க ஒண்டு. விளங்கிச்சோ?”

“ஓம் சேர்.”

அந்த இரண்டும் மரப்பெட்டிகளில் வந்தன. டிரான்ஸ்போமர். இப்போது பள்ளிக்கூடப் புத்தகத்தில் மின்மாற்றி என்று போடுகிறார்கள், நல்ல பெயர்தான். உள்ளே இருப்பது பெரிய மாயமில்லை. இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டிய சட்டம், அதைச் சுற்றி இரண்டு கம்பிச் சுருள். ஒன்றில் 1650 சுற்று, மற்றதில் 110 சுற்று. இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. ஒன்றில் கரண்ட் கொடுத்தால் இரும்பில் காந்தம் ஏறும். கரண்ட் மாறி மாறி ஓடுவதால் காந்தமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் இரும்பைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு சுற்றுக் கம்பியிலும் இரண்டு வோல்டைத் தள்ளும். பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு சோறு வைப்பதுபோல, சுற்றுக்கு இரண்டு. நூற்றுப்பத்துச் சுற்றுக்கு 220, ஆயிரத்து அறுநூற்றைம்பது சுற்றுக்கு 3300. பற்றரியை மாட்டினால் ஒன்றும் நடக்காது. அதன் கரண்ட் ஒரே பக்கமாக ஓடுவது, காந்தம் ஏறி அப்படியே நின்றுவிடும். இவ்வளவுதான் விஷயம். சூடு பிடிக்காமல் இருக்க முழுவதையும் எண்ணெய்த் தொட்டியில் அமுக்கி வைத்திருப்பார்கள்.

கணபதிப்பிள்ளை ஒழுங்கான ஆள். ஆஸ்பத்திரிக்குப் போகும் டிரான்ஸ்போமரின் ஒரு பக்கத்தில் வெண்கட்டியால் ‘உள்ளே’ என்றும், மறுபக்கத்தில் ‘வெளியே’ என்றும் அழகாக எழுதிவைத்தார். டானியல் சேர் வந்து பார்த்தார்.

“உந்த எழுத்தை அழியும் காணும்.”

“ஏன் சேர், பிழையோ? 3300 உள்ளை போகுது, 220 வெளியிலை வருது.”

“இதுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. எந்தப் பக்கத்தாலை குடுத்தாலும் மற்றப் பக்கத்தாலை தரும். பாரும்.”

சுற்றுக் கூடிய பக்கத்தில் 220-ஐக் கொடுத்தார். மறுபக்கத்தில் அளந்தால் பதினைந்து வோல்டுக்குக் கொஞ்சம் குறைவு, கை வைத்தாலும் கடிக்காது. “இப்ப அதே 220-ஐ மற்றப் பக்கம் குடுத்தால்?”

“மூவாயிரத்து முந்நூறு, சேர்.”

“அளந்து பாக்க ஆர் வாறியள்?”

ஒருவரும் போகவில்லை. “விளங்கிச்சோ?” என்றார். “ஓம் சேர்” என்றோம். கேட்டோம், தலையாட்டினோம், வேலையைப் பார்க்கப் போனோம்.

ஆஸ்பத்திரி வளவின் மூலையில் டிரான்ஸ்போமரை ஏற்றிக் கரண்ட் கொடுத்ததும் அது மெல்ல முனகத் தொடங்கியது. எல்லா டிரான்ஸ்போமரும் முனகும், இரும்பின் அதிர்வு. ஊர்ச்சனத்துக்கு அது ஓங்காரமாகக் கேட்டது. அடுத்த முறை எண்ணெய் பார்க்கப் போனபோது வேலிக்கு வெளியே ஒரு சூலம் நட்டு, செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். வைரவர் வந்துவிட்டார். டானியல் சேர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். கோபிப்பார் என்று நினைத்தேன். “நல்லதுதான். அபாயம் எண்டு பலகை மாட்டினால் ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். வைரவர் நிண்டால் கிட்ட வரமாட்டினம்,” என்றார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதம். பனங்கூடல் ஊடாக லைன் போகும் இடத்தில் காவோலை விழுந்து, கம்பிகள் இரண்டும் முறுகிக்கொண்டன. பவர்ஹவுசில் பியூஸ் எரிந்து போயிற்று. நானும் டானியல் சேரும் போவதென்று முடிவாயிற்று.

லைன் வேலைக்கு அவருடைய ஒழுங்கு மூன்று. முதலாவது, பவர்ஹவுசில் சுவிச்சை நிறுத்திப் பியூசைக் கழற்றி, கம்பத்தில் ஏறுகிறவன் தன்னுடைய தோள்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பியூஸ் என் பையில் இருந்தால் ஒருவனும் என்னைத் தெரியாத்தனமாகக் கொல்ல முடியாது. இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, அங்குள்ள லைன் சுவிச்சையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். காரணம், அவர்களிடம் முன்பே ஒரு சின்ன இஞ்சின் இருந்தது. எங்கள் கரண்ட் நின்றால் அதைப் போடுவார்கள். மூன்றாவது, சங்கிலி. நிலத்தில் ஓர் இரும்புக் கம்பியை அறைந்து, அதில் கட்டிய சங்கிலியை இரண்டு லைன் கம்பிகளுக்கும் மேலால் எறிந்து போட வேண்டும். எங்கிருந்தாவது கரண்ட் வந்தால் அது மனிதனைத் தேடாமல் சங்கிலியோடு தன் கணக்கை முடித்துக்கொள்ளும்.

டானியல் சேர் போன் எடுத்தபோது நான் பியூசைப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் ஒரு நேர்ஸ்.

“மிஸ்ஸி, இது பவர்ஹவுஸ். நாங்கள் லைனிலை வேலை செய்யப் போறம்.”

“ஓம்.”

“உங்கடை இஞ்சின் அறையிலை இருக்கிற லைன் சுவிச்சை நிப்பாட்ட வேணும்.”

“ஓம்.”

“இஞ்சின் போடுறதெண்டால் அதுக்கு முதலே நிப்பாட்டியிருக்க வேணும்.”

“ஓம், ஓம்.”

“விளங்கிச்சோ?”

“ஓம்.”

ஏணியைக் காரின் மேலே கட்டிக்கொண்டு போனோம். பனங்கூடல் நிலம் காய்ந்து இறுகிக் கிடந்தது, சுண்ணாம்புக் கல். இரும்புக் கம்பி இறங்கமாட்டேன் என்றது. பக்கத்துத் தோட்டக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் வாங்கி ஊற்றி, ஊறவிட்டு, பிறகு அறைந்தோம். டானியல் சேர் சங்கிலியை எறிந்தார். சத்தமில்லை, பொறியில்லை. லைன் செத்துக் கிடந்தது.

ஏணியில் கால் வைக்குமுன் வழமைபோலக் கேட்டேன். “ரெண்டு பக்கமும் நிப்பாட்டியாச்சோ, சேர்?”

“ஓம்,” என்றார் டானியல் சேர்.

ஏறினேன். காவோலையைப் பிடுங்கி எறிந்தேன், முறுகலை எடுத்தேன். கடைசியில் கம்பியை இழுத்து இறுக்க வேண்டும். சங்கிலி குறுக்கே கிடந்து இழுக்க விடவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குச் சினம் வந்துவிட்டது.

“சேர், இந்தச் சங்கிலியை எடுங்கோ. கம்பி இழுபடுதில்லை.”

“எடுக்கேலாது காணும்.”

“ரெண்டு பக்கமும் நிப்பாட்டியாச்சு, பியூஸ் என்ரை பைக்குள்ளை. பிறகு ஏன் சேர் சங்கிலி?”

“நீர் இறங்கினாப் பிறகுதான் சங்கிலி இறங்கும்.”

“அஞ்சு நிமிஷ வேலை சேர்!”

“நீர் இறங்கினாப் பிறகு.”

கம்பியை விட்டுவிட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தேன். கிறிஸ்தவப் பிள்ளை சொல்லக்கூடாத வார்த்தை. அந்த நேரம் பார்த்துச் சங்கிலி துள்ளியது. படீரென்று ஒரு வெடி, நீலமாய் ஒரு வெளிச்சம், என் சட்டைக் கையில் தெறித்த பொறி, கருகின இரும்பு மணம். பனங்கூடலில் இருந்த காகமெல்லாம் கத்திக்கொண்டு எழும்பின. சங்கிலி திரும்பவும் அசையாமல் தொங்கியது.

நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் செய்தது என்ன தெரியுமா? தோள்பையைத் தடவிப் பார்த்ததுதான். பியூஸ் உள்ளே பத்திரமாக இருந்தது. பியூஸ் என் பைக்குள் இருக்க, கரண்ட் எங்கிருந்து வந்தது? பேயோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

கீழே டானியல் சேரின் முகம் வெளிறியிருந்தது. வெண்கட்டியை எடுத்துக் கார்க் கதவில் எழுதினார். 220 தர 15. சமன் 3300. எழுதிவிட்டு அதைப் பார்த்தபடியே சொன்னார். “ஆசுபத்திரி இஞ்சின் காணும். பின்பக்கத்தாலை வந்திருக்கு.”

முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை என்று அவர்தானே சொன்னார்! ஆஸ்பத்திரியின் சின்ன இஞ்சின் கொடுத்த 220, நிறுத்தப்படாத லைன் சுவிச் வழியாக எங்கள் டிரான்ஸ்போமருக்குள் போயிருக்கிறது. இறக்குவதற்கு வைத்த டிரான்ஸ்போமர் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் அதைப் பதினைந்து மடங்கு ஏற்றி என்னிடம் அனுப்பியிருக்கிறது. சங்கிலியை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆளில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தாலும் சங்கிலி காப்பாற்றியிருக்கும் என்பார் டானியல் சேர். நல்ல கணக்குத்தான். நான் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இஞ்சினின் பியூஸ் எரிந்து கிடந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண் ஒருத்திக்கு அவசரமாகச் சத்திரசிகிச்சை, அதற்காகத்தான் இஞ்சினைப் போட்டிருக்கிறார்கள். டொக்டர் யன்னல்களைத் திறந்துவைத்துப் பகல் வெளிச்சத்தில் முடித்துவிட்டார். தாயும் பிள்ளையும் சுகம் என்று முதலில் அறிந்துகொண்ட பிறகுதான் டானியல் சேர் வாய் திறந்தார். இஞ்சின்காரர் சூசை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

“மிஸ்ஸி வந்து சொன்னவ, சேர். நான் ஓம் எண்டனான். பம்புக்கு வார் மாட்டிக்கொண்டு நிண்டன், முடிச்சுப்போட்டு நிப்பாட்டுவம் எண்டு. அதுக்குள்ளை டொக்டர் லைட் கேட்டு ஆள் அனுப்பினார்.”

மிஸ்ஸி வந்தாள். ஞானம் என்று பெயர். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நேரே டானியல் சேரைப் பார்த்துச் சொன்னாள். “ஓம் எண்டனான்தான் சேர். நீங்கள் மூச்சு விடாமல் கதைச்சியள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்கு ஓம் எண்டனான். செய்துபோட்டன் எண்டு எப்ப சொன்னனான்?” பிறகு என் கருகின சட்டைக் கையைக் கண்டாள். “மேலை நிண்டது ஆர்?”

“நான்தான்.”

அவள் பக்கத்திலிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் இரத்தமேயில்லை.

டானியல் சேர் யாரையும் ஏசவில்லை. திரும்பி வரும்போது காரை வழியில் நிறுத்தினார். “ஒருத்தரும் பொய் சொல்லேல்லை காணும். அதுதான் எனக்குப் பயமாயிருக்கு,” என்றார். சூசையின் ஓம், செய்யிறன் என்ற ஓம். மிஸ்ஸியின் ஓம், கேட்கிறன் என்ற ஓம். மிஸ்ஸியின் ஓமை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எனக்குச் சொன்ன ஓம், செய்தாயிற்று என்ற ஓம். கைமாறக் கைமாற அந்தச் சொல்லும் டிரான்ஸ்போமருக்குள் போனதுபோல ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. “பிழை என்னிலை. ஓம் எண்டு பதில் வரத்தக்கதாய் நான் ஒரு கேள்வி கேட்டனான்.”

அடுத்த நாள் கொட்டகைச் சுவரில், அழியாதபடி தார் தொட்டு எழுதப்பட்டிருந்தது: ‘லைன் வேலையில் ஓம் என்று சொல்லக்கூடாது. நிலையைச் சொல்ல வேண்டும்.’ அன்றிலிருந்து அவர் “விளங்கிச்சோ?” என்று ஒருவரையும் கேட்டதில்லை. “என்ன நிலை?” என்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும், கடைசியில் பேசுவது யார் என்று பெயர் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தானிடம் ஓமைப் பறிப்பது லேசான காரியமா? பழக்கம் வரவேண்டும் என்று கொட்டகைக்குள் எந்தப் பேச்சுக்கும் சட்டத்தை நீட்டிவிட்டார். தேத்தண்ணி குடிப்பமோ என்று கேட்டால், “தேத்தண்ணி குடிக்க எனக்கு விருப்பம், பேசுறது கணபதிப்பிள்ளை” என்று பதில் வரும். தடையின் அளவை ‘ஓம்ஸ்’ என்று சொல்ல உத்தரவு. வெள்ளிக்கிழமைகளில் இஞ்சினுக்குக் கற்பூரம் காட்டும் கணபதிப்பிள்ளை, மந்திரத்துக்கு என்ன செய்வது என்று பயந்து பயந்து கேட்டார். “சாமிக்குச் சொல்லுற ஓமுக்குத் தடையில்லை. அவர் ஒருநாளும் சுவிச் போடமாட்டார்,” என்று டானியல் சேர் விலக்களித்தார்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சட்டத்தை எங்களைவிடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டவள் ஞானம். லைன் வேலை என்றால் இஞ்சின் அறைக்குத் தானே போவாள். “லைன் சுவிச் நிப்பாட்டியிருக்கு. என்ரை கண்ணாலை பாத்தனான். பேசுறது ஞானம்.” நான் இறங்கிவந்து எங்கிருந்தாவது போன் எடுத்து “இறங்கியாச்சு” என்று சொல்லும்வரை சுவிச்சுக்கு முதுகைக் கொடுத்து நிற்பாளாம். ஒருமுறை டொக்டர் வந்து சத்தம்போட்டாராம். “ஆள் இன்னும் இறங்கேல்லை டொக்டர்,” என்றுவிட்டு அசையாமல் நின்றாளாம். இதைச் சூசை எனக்குச் சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. பசி இருக்கவில்லை. கம்பத்தில் ஏறுகிறவனுக்குக் கீழே ஒருத்தி இப்படி நிற்கிறாள் என்றால் வேறென்ன வேண்டும்!

அதன் பிறகு லைன் அடிக்கடி பழுதாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை ஒளிக்கமாட்டேன். சோளகம் சரியாக ஒத்துழைக்கவில்லை. கடைசியில் ஒருநாள், வேலை எதுவும் இல்லாமலே போன் எடுத்து, நேரே கேட்டுவிட்டேன். மறுமுனையிலிருந்து குரல் வந்தது.

“திருப்பிச் சொல்லுறன். உடுப்பிட்டி வாத்தியாற்றை மகன் என்னைக் கலியாணம் முடிக்கக் கேக்கிறார். எனக்குச் சம்மதம். பேசுறது ஞானம்.”

தம்பி, உங்கள் சந்தேகத்துக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நான் ஓய்வுபெற்ற நாள். போர்மனாகிப் பிறகு சுப்பிரிண்டெண்டாகியும் இடைக்கிடை கம்பத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். கடைசி நாளும் தேவையில்லாமல் ஒன்றில் ஏறி இறங்கினேன். மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரப் பொழுது பட்டுவிட்டது. வீட்டில் ஒரு லைட்டும் எரியவில்லை. வேலிப் படலையடியில் ஞானம் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, என்ன நிலை?”

“இறங்கியாச்சு.”

“இனி ஏறுறேல்லைத்தானே?”

“ஓம்,” என்றேன், அலுப்பில்.

“உந்த ஓம் இஞ்சை செல்லாது. ஒழுங்காச் சொல்லுங்கோ.”

மாலையைக் கழற்றிப் படலையில் கொழுவினேன். “நான் இறங்கியிட்டன். இனி ஏறமாட்டன்,” என்று சொல்லி, என் பெயரையும் சொன்னேன்.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் உள்ளே போய் விறாந்தை லைட்டைப் போட்டாள்.